சுக்கர்தொப்பன் பனிச்சரிவு, 2015: ஆர்க்டிக்கில் காலநிலையையும் பாதுகாப்பையும் சேர்த்துக் கற்பிக்க ஒரு நிகழ்வு ஆய்வு

2015 டிசம்பர் 19, சனிக்கிழமை காலை பத்தரை மணிவாக்கில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்யியர்பியன் ஊரை ஒட்டிய சுக்கர்தொப்பன் மலையில் ஒரு பெரிய பனிப்பாளம் உடைந்து இறங்கியது. அடிவாரத்தில் வரிசையாக நின்ற 11 வீடுகள் அடித்தளத்திலிருந்து பெயர்ந்து, பத்துக்கணக்கான மீட்டர் தள்ளப்பட்டு, ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் பெரியவர். இன்னொருவர் இரண்டு வயதுப் பெண் குழந்தை. மலையின் உயரம் 371 மீட்டர்தான். முந்தைய இரவு முழுக்கக் கடும் கிழக்குப் புயல். அக்டோபர் கடைசியிலேயே சூரியன் மறைந்துவிட்டதால், காலை என்றாலும் வெளியே இருட்டுதான்.

ஆர்க்டிக் காலநிலையைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்வு கிடைப்பது அரிது. காரணம், அறிவு அந்த ஊரிலேயே இருந்தது. 1993-இல் தொடங்கிய ஸ்வால்பார்ட் பல்கலைக்கழக மையம் அங்கேதான் இயங்குகிறது. பனி, உறைநிலம் (ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் நிலம்), பனியாறு என்று ஒவ்வொன்றையும் ஆராய்பவர்கள் அந்த மலையடிவாரத்திலேயே குடியிருந்தார்கள். அந்த மலைச்சரிவு அபாயமானது என்பது பழைய மதிப்பீடுகளிலேயே பதிவாகியிருந்தது. ஆனால் "இன்றிரவு இந்த வீடுகளைக் காலி செய்யுங்கள்" என்று சொல்லும் பொறுப்பும், அதைச் சொல்லத் தேவையான அன்றாடக் கண்காணிப்பும் யார் கையிலும் முறையாக ஒப்படைக்கப்படவில்லை. பனி இயற்பியலைத் தனியாகவும் ஊர்ப் பாதுகாப்பைத் தனியாகவும் பாடம் நடத்தினால், இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் எந்தப் பாடத்திலும் வராமலே போய்விடும். அந்தப் பள்ளத்தையே பாடமாக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வின் வாதம்.

ஊரும் அதன் அமைப்பும்

லாங்யியர்பியன் 78 பாகை வடக்கு அட்சத்தில், இரு பக்கமும் மலைகள் நெருக்கும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 2,500. நிலக்கரிச் சுரங்கத்துக்காக உருவான ஊர் என்பதால், சமதளம் எங்கே கிடைத்ததோ அங்கே வீடு கட்டினார்கள். கிடைத்த சமதளமெல்லாம் மலையடிவாரம்தான். 1953-இல் வான்லெட்னிங்ஸ்டாலன் என்ற பள்ளத்தில் நீரும் பனியும் கலந்த கூழ்ச்சரிவு இறங்கி மூன்று பேர் உயிரிழந்தார்கள். அது நடந்து அறுபது ஆண்டுகளில் ஊரின் நினைவில் மங்கிவிட்டது. இங்கே வருபவர்களில் பலர் சில ஆண்டுகளில் திரும்பிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக "அந்தப் பக்கம் வீடு கட்டாதே" என்று சொல்ல ஆளில்லை. மாணவர்கள் இந்த விஷயத்தைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்ட விடக் கூடாது. கருவி இல்லாத இடத்தில் மக்கள் நினைவுதான் முதல் எச்சரிக்கை அமைப்பு. இந்த ஊருக்கு அது வாய்க்கவில்லை.

நிர்வாகமும் அடுக்கடுக்கானது. ஊர்மன்றம் 2002-இல்தான் உருவானது. வீட்டுத் திட்டமிடல் அதன் பொறுப்பு. மீட்பும் காவலும் நார்வே அரசின் ஆளுநர் பொறுப்பு. பனிச்சரிவு முன்னறிவிப்பில் தேர்ந்த நீர்வள, எரிசக்தி இயக்குநரகம் இருப்பது கடலுக்கு அப்பால், நார்வே பெருநிலத்தில். நார்வேயின் பொதுச் சட்டங்களும் தனியாக முடிவெடுத்து நீட்டித்தால்தான் ஸ்வால்பார்டில் செல்லுபடியாகும். வகுப்பில் இதை ஒரு பக்கப் படமாக வரையச் சொல்லுங்கள். யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன அதிகாரம் என்று இரண்டு நிறங்களில் எழுதினால், இரண்டு நிறமும் ஒரே பெட்டியில் சேராத இடங்கள் பளிச்சென்று தெரியும்.

பனி ஏன் உடைந்தது

சரிவின் இயற்பியலுக்கு இரண்டு மணி நேரமாவது கொடுக்க வேண்டும். "புயல் அடித்தது, பனி விழுந்தது, சரிந்தது" என்று மாணவர்கள் எழுதும் விடை தவறு. ஸ்வால்பார்ட் விமான நிலையத்தில் மழையும் பனியும் சேர்ந்த ஆண்டுப் பொழிவு 200 மில்லிமீட்டர் அளவுதான். பாலைவனத்துக்கு உரிய கணக்கு. வானத்திலிருந்து விழுவது குறைவு. காற்று வாரிக்கொண்டு வருவதுதான் அதிகம்.

காற்றடிக்கும் பக்கத்துப் பீடபூமியில் கிடக்கும் உதிரிப் பனியைக் காற்று நொடிக்கு 5 முதல் 8 மீட்டர் வேகத்திலேயே தூக்க ஆரம்பித்துவிடும். அதற்கு மேல், அள்ளிச் செல்லும் அளவு ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. நொடிக்கு 10 மீட்டர் 20 ஆனால் பனி இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்காகும். இந்த ஒரு கணக்கை மாணவர்கள் கையால் போட்டுப் பார்த்தால் "புயல்" என்ற சொல்லுக்கு எடை கிடைக்கும். கிழக்கு-தென்கிழக்குக் காற்று முகட்டைத் தாண்டும்போது ஊரை நோக்கிய பக்கத்தில் வேகம் இழந்து, சுமந்து வந்ததையெல்லாம் அங்கே கொட்டுகிறது. வீசும்போது உடைந்த படிகத் துகள்கள் நெருக்கமாக அடைந்து கெட்டியான பாளமாக இறுகுகின்றன. சரிவு 30 முதல் 45 பாகைக்குள் இருந்தால் பாளம் வழுக்கத் தகுந்த இடம் அது.

பாளம் மட்டும் போதாது. அதன் அடியில் வலுவற்ற அடுக்கு வேண்டும். ஸ்வால்பார்டில் அது ஏறக்குறைய ஒவ்வொரு முன்குளிர்காலத்திலும் உருவாகிறது. தரையை ஒட்டிய பனி −4 பாகை, மேற்பரப்பு −20 பாகை, பனியின் தடிமன் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16 பாகை வித்தியாசம் 0.4 மீட்டருக்குள். அதாவது மீட்டருக்கு 40 பாகை. மீட்டருக்கு 10 பாகையைத் தாண்டினாலே நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, பனித்துகள்களின் பிணைப்பை அரித்து, சர்க்கரை போல உதிரும் முகப்படிகங்களாக மாற்றிவிடும். மெல்லிய பனியும் கடுங்குளிரும் சேர்ந்த இடத்தில் ஆபத்து குறைவு என்று வெப்ப நாட்டு மாணவர்கள் நினைப்பார்கள். உண்மை நேர் எதிர்.

மூன்றாவது விஷயம் குளிர்கால மழை. 2012 ஜனவரி 30 அன்று ஸ்வால்பார்டின் இன்னொரு குடியிருப்பான நியூ-ஓலசுண்டில் ஒரே நாளில் 98 மில்லிமீட்டர் மழை பெய்தது. நடுக்குளிர்காலத்தில், 79 பாகை அட்சத்தில். அந்த நீர் பனிமேல் உறைந்து வழுக்கும் ஓடாகிறது. ஓட்டுக்கு அடியிலுள்ள மேய்ச்சல் மான்களுக்குக் கிடைக்காமல் போகிறது; பின்னர் மேலே சேரும் பனிக்கு வழுக்குதளமாகிறது. லாங்யியர்பியனில் அதே வாரத்தில் கூழ்ச்சரிவு ஒன்று நடைபாலத்தை அடித்துச் சென்றது.

இங்கே ஆசிரியர் உறுதியாக நிற்க வேண்டிய ஓர் இடம் உண்டு. "2015 சரிவுக்குக் காலநிலை மாற்றம்தான் காரணம்" என்று மாணவர் எழுதினால் மதிப்பெண் குறைய வேண்டும். ஒற்றைச் சரிவை அப்படிச் சாட்ட முடியாது. 1953-லும் மனிதர் இறந்தார்கள். சரியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. ஸ்வால்பார்டில் 1971 முதல் 2017 வரை ஆண்டு வெப்பநிலை 3 முதல் 5 பாகை உயர்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் உயர்வு இன்னும் கூடுதல். நார்வேயின் 2019-ஆம் ஆண்டு மதிப்பீடு, நடுத்தர உமிழ்வில் நூற்றாண்டின் இறுதிக்குள் சுமார் 7 பாகையும், உயர் உமிழ்வில் சுமார் 10 பாகையும் கூடும் என்கிறது; மழைப்பொழிவு முறையே 45, 65 சதவீதம் அதிகரிக்கும். ஆகவே பழைய அனுபவத்தை வைத்து வரைந்த அபாய எல்லைக்கோடு நம்பத்தக்கதா என்பதே கேள்வி. "காரணம்" என்ற கேள்வியிலிருந்து "எல்லைக்கோடு" என்ற கேள்விக்கு வகுப்பை நகர்த்த முடிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

எச்சரிக்கை வந்த பிறகு: 2017 பிப்ரவரி 21

பல பாடத்திட்டங்கள் 2015-உடன் நின்றுவிடுகின்றன. அது பெரிய குறை. 2015-க்குப் பிறகு ஊருக்கென முன்னறிவிப்புச் சேவை வந்தது. ஐந்து படி அபாய அளவுகோலில் தினசரி மதிப்பீடு வந்தது. உள்ளூர்ப் பனி நோக்கர்கள் நியமிக்கப்பட்டார்கள். அப்படியிருந்தும் 2017 பிப்ரவரி 21 அன்று அதே சுக்கர்தொப்பனிலிருந்து இறங்கிய சரிவு ஆறு குடியிருப்புகள் கொண்ட இரண்டு கட்டடங்களைத் தாக்கியது. உயிர்ச்சேதம் இல்லை. அந்த வீடுகள் காலி செய்யப்படவில்லை. ஏனென்றால் அன்றைய மதிப்பீட்டின்படி சரிவு அவ்வளவு தூரம் வராது என்று கருதப்பட்டது. இறங்கியதோ எதிர்பார்த்ததைவிடப் பெரிய சரிவு.

முதல் நிகழ்வில் அமைப்பே இல்லை. இரண்டாவதில் அமைப்பு இருந்தது, ஒரு எண் பிசகியது. உடையும் பனியின் கனஅளவைக் குறைவாக எடுத்தால், சரிவு எட்டும் தூரமும் கணினியில் குறைவாகவே வரும்; வரைபடத்தில் வீடுகள் பத்திரமான நிறத்தில் தெரியும். இந்த இரண்டையும் அருகருகே வைத்தால்தான் மாணவருக்குப் புரியும்: சேவை ஒன்றைத் தொடங்குவதோடு பாதுகாப்பு முடிவதில்லை, உள்ளீட்டின் பிழை எங்கே போய் யாருடைய வீட்டில் முடிகிறது என்று பின்தொடர வேண்டும். அதன் பிறகு சரிவில் பனி தாங்கு வேலிகள் எழுந்தன. சுமார் 140 குடியிருப்புகளை இடிப்பது என்று முடிவானது. மலிவான மீயொலி உணரிகள் சரிவில் நடப்பட்டு, பனியின் ஆழத்தை மணிக்கு மணி அனுப்புகின்றன. பீடபூமியில் 464 மீட்டர் உயரத்திலுள்ள குரூவஃப்யெல்லெட் வானிலை நிலையத்தின் காற்றுத் தரவு முன்னறிவிப்பவர்களுக்கு மிக முக்கியம். கடலோரத்து விமான நிலையக் காற்று மலைமேல் வீசுவதைக் காட்டாது.

களத்தில் பனிக்குழி

பனியின் அடுக்குகளைப் பார்க்கக் குழி தோண்டுவது ஆர்க்டிக்கில் பயிற்றுவிப்போருக்கு அடிப்படைப் பாடம். அளவுகள் துல்லியமாக இல்லாவிட்டால் முடிவும் இருக்காது.

ஆபத்தான சரிவிலேயே குழி தோண்டக் கூடாது. அதே திசையை நோக்கிய, அதே உயரத்தில் உள்ள, மேலே பெரிய சரிவு எதுவும் தொங்காத சிறிய மேடு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் துழாவுகோலைப் பல இடங்களில் குத்திப் பனியின் ஆழம் சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று குவித்த மேட்டிலோ, பாறை மேல் ஒட்டிய மெல்லிய பனியிலோ தோண்டினால் அந்தக் குழி அந்தக் குழியைப் பற்றி மட்டுமே பேசும். குழியின் ஆய்வுச் சுவர் வெயில் படாத பக்கம், செங்குத்தாக, மண்வாரியால் மழிக்கப்பட்டு இருக்க வேண்டும். மேற்பரப்பிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு ஒரு முறை வெப்பநிலை. வெப்பமானியை முன்கூட்டியே உருகும் பனிக்கூழில் வைத்து 0 பாகை காட்டுகிறதா என்று சரிபார்க்காத குழுக்களின் அட்டவணையை அப்படியே ஒதுக்கிவிடலாம். கையால் கெட்டித்தன்மை: மூடிய கை நுழைகிறதா, நான்கு விரலா, ஒரு விரலா, பென்சிலா, கத்தியா. படிகங்களை மில்லிமீட்டர் கட்டம் போட்ட தட்டில் வைத்து 8 மடங்கு உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். மூச்சுக்காற்று பட்டால் அவை உருகிவிடும். தலையைத் திருப்பி மூச்சு விடுவதைக்கூடச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பிறகு நீள்தூண் சோதனை. சரிவுக்குக் குறுக்கே 90 சென்டிமீட்டர், மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு பாளத்தை நான்கு பக்கமும் தனிப்படுத்துகிறோம். பின்பக்கத்தைக் கயிற்றுரம்பத்தால் முழுக்க அறுக்க வேண்டும். மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அறுபடாமல் இரண்டு விரற்கடை ஒட்டியிருந்தாலும் தூண் வலுவாக இருப்பதாகத் தோன்றும். ஒரு முனையில் மண்வாரி இலையை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் விரிசல் தோன்றியது என்பதைவிட, அந்த விரிசல் 90 சென்டிமீட்டர் முழுக்கவும் ஓடியதா என்பதே முக்கியம். முழுக்க ஓடினால் அந்தப் பாளம் தொலைவிலிருந்தும் தூண்டப்படலாம். ஓடாமல் நின்றாலும் "பத்திரம்" என்று எழுதக் கூடாது. ஒரே சரிவில் இருபது மீட்டர் தள்ளித் தோண்டிய இரண்டு குழிகள் வேறு வேறு விடை சொல்வது சாதாரணம். இரண்டு குழுக்களுக்கு இரண்டு இடம் கொடுத்து, விடைகளை அருகருகே எழுத வைப்பதுதான் நிச்சயமின்மையைக் கற்பிக்கச் சிறந்த வழி. எந்தப் புள்ளியியல் விரிவுரையும் இவ்வளவு சீக்கிரம் உறைக்காது.

இதற்குப் போகும் வழியே ஒரு பாதுகாப்புப் பாடம். குடியிருப்புக்கு வெளியே பனிக்கரடியை விரட்டத் தகுந்த கருவியுடன் செல்வது சட்டக் கடமை. பல்கலைக்கழக மையத்தில் புதிதாகச் சேர்பவர்கள் துப்பாக்கி, வெளிச்சக் குண்டு, குளிர்நீரில் விழுந்து எழுதல் என்று முதலில் பாதுகாப்புப் பயிற்சியே பெறுகிறார்கள். துப்பாக்கியில் தோட்டா பெட்டியில் இருக்கும், குழலில் இருக்காது. 2025 தொடக்கத்திலிருந்து கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது விதி. குழி தோண்டுகிறவர் குனிந்தே இருப்பதால், ஒருவர் வேலை எதுவும் செய்யாமல் சுற்றும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காவலருக்கும் மதிப்பெண் உண்டு என்று முன்பே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவரும் உருப்பெருக்கியை எட்டிப் பார்க்க வந்துவிடுவார்.

வீட்டுக்குள் புதைந்தவரைத் தேடுவது

மலையேறிகளுக்கான மீட்புப் பயிற்சி, புதைந்தால் இருக்கும் இடத்தைக் காட்ட அவர்கள் உடலில் அணியும் 457 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞைக் கருவியை மையமாகக் கொண்டது. தேடும்போது கைப்பேசி அரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குறி கிடைத்த இடத்தில் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் வட்டமாகத் துழாவுகோல். தோண்டுவது கோலுக்கு நேரே அல்ல, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து. மாணவர்கள் இதில் சீக்கிரம் தேர்ச்சி பெறுகிறார்கள்.

ஆனால் 2015-இல் புதைந்தவர்கள் சனிக்கிழமை காலை தங்கள் வீட்டில் இருந்தவர்கள். யாரும் சமிக்ஞைக் கருவி அணிந்து படுக்கையில் படுப்பதில்லை. பனியோடு சுவர், கூரை, கட்டில், அடுப்பு எல்லாம் கலந்து கிடக்கும்போது துழாவுகோலின் முனையில் எது தட்டுப்படுகிறது என்று தெரியாது. மின்கம்பி அறுந்திருக்கலாம். மேலே மிச்சமிருக்கும் பனி மறுபடி இறங்கலாம். பனிக்குள் புதைந்தவர் உயிர்பிழைக்கும் வாய்ப்பு முதல் கால்மணி நேரத்துக்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. அன்று ஊர் மக்களே மண்வாரிகளோடு ஓடிவந்து தோண்டினார்கள். பெரிய மருத்துவமனை சுமார் 950 கிலோமீட்டர் தள்ளி, பெருநிலத்தின் திரொம்சோவில்.

எனவே பயிற்சியில் ஒரு முறையாவது கருவியில்லாத தேடல் வேண்டும். பழைய மெத்தை, மரப்பலகை, துணி நிரப்பிய சாக்கு ஆகியவற்றைப் பனிக்கடியில் புதைத்து, வரிசைத் துழாவலை நடத்துங்கள். யார் எங்கே தூங்குவார், வீடு எந்தத் திசையில் நகர்ந்திருக்கும் என்று அண்டை வீட்டாரிடம் கேட்டு வரும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். அந்த ஒருவர் கொண்டுவரும் தகவல் எத்தனை துழாவுகோல்களுக்குச் சமம் என்று குழுவே உணரும்.

காலடியில் நிலம்

உறைநிலத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஊரின் வீடுகள் உறைநிலத்தில் ஊன்றிய தூண்கள் மேல் நிற்கின்றன. அடியில் காற்றோடும் இடைவெளி, வீட்டுச் சூடு நிலத்தைத் தொடாமலிருக்க. கோடையில் இளகும் மேலடுக்கு ஆழமாகும்போது தூண்களின் பிடி தளர்கிறது. ஊருக்கு அருகே 2008-இல் திறந்த, பயிர் விதைகளைப் பாதுகாக்கும் உலக விதைப் பெட்டகத்தின் நுழைவுச் சுரங்கத்துக்குள் 2016 அக்டோபரில் நீர் புகுந்து உறைந்தது. விதைகளுக்கு எந்தச் சேதமும் இல்லை; ஆனால் நுழைவுச் சுரங்கத்தை நீர்புகாத கான்கிரீட்டில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

ஒப்பிட ரஷ்யாவின் நொரில்ஸ்க் நல்ல எடுத்துக்காட்டு. 2020 மே 29 அன்று அங்கே ஓர் அனல்மின் நிலையத்தின் எண்ணெய்த் தொட்டி சரிந்து சுமார் 21,000 டன் டீசல் மண்ணிலும் ஆறுகளிலும் கலந்தது. உறைநிலம் இளகியதுதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது. தூண்களின் வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் இருந்த குறையை அரசு விசாரணை சுட்டியது. காலநிலையைச் சொல்லிப் பொறுப்பிலிருந்து நழுவ முடியும் என்பதை மாணவர் அறிந்திருப்பது நல்லது. அதே காலநிலையைக் கணக்கில் எடுக்காத பொறியாளரும் பொறுப்பாளிதான்.

கேபிளும் ஒப்பந்தமும்

"பாதுகாப்பு" என்றதும் பல வகுப்புகள் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் எண்ணெய் வயலுக்கும் தாவிவிடுகின்றன. ஸ்வால்பார்டில் அந்தத் தாவல் தேவையில்லை; ஊரிலிருந்தே அரசியலுக்குப் போக முடியும். 1920-இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் நார்வேக்கு முழு இறையாண்மை தருகிறது. ஒப்பந்த நாட்டவருக்கு மீன்பிடி, சுரங்கம் போன்ற தொழில்களில் சம உரிமை. கடற்படைத் தளமோ கோட்டையோ கட்டக் கூடாது, போர் நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 9-ஆம் பிரிவு. அந்தச் சம உரிமையால்தான் லாங்யியர்பியனுக்கு மேற்கே பாரென்ட்ஸ்பர்க் என்ற ரஷ்யக் குடியிருப்பு இன்றும் இருக்கிறது. இந்தியாவும் பிரித்தானிய ஆட்சிக் காலத்திலிருந்தே இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது.

2022 ஜனவரி 7 அன்று, ஸ்வால்பார்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் இரண்டு கடலடிக் கேபிள்களில் ஒன்று பழுதானது. கடல்தரை 300 மீட்டரிலிருந்து 2,700 மீட்டருக்கு இறங்கும் பகுதியில். மனிதச் செயலே காரணமாக இருக்கலாம் என்று காவல்துறை கருதியது. எவர் மீதும் வழக்கு வரவில்லை. இரண்டாவது கேபிள் இருந்ததால் தொடர்பு அறுபடவில்லை.

இந்தச் சம்பவத்தையும் பனிச்சரிவையும் இணைத்துக் கேளுங்கள்: முன்னறிவிப்பாளர் பெருநிலத்தில், உணரி மலையில், முடிவெடுப்பவர் ஊரில். இரண்டாவது கேபிளும் போய், அதே இரவில் கிழக்குப் புயலும் வந்தால் என்ன நடக்கும்? எந்தத் தரவு ஊருக்குள்ளேயே கிடைக்கும்? யார் எந்த அளவில் தாமாகவே காலி செய்ய உத்தரவிடலாம்? செயற்கைக்கோள் தொலைபேசியில் சொல்லக்கூடிய ஐந்து எண்கள் எவை? கடைசிக் கேள்விக்கு நல்ல விடை எழுத மாணவருக்குப் பனி இயற்பியல் முழுவதும் தேவைப்படும்: கடந்த 24 மணி நேரக் காற்றின் வேகம், திசை, பனி ஆழத்தின் மாற்றம், வெப்பநிலை, கடைசிக் குழியில் விரிசல் ஓடியதா இல்லையா.

உக்ரைன் போரை அடுத்து, 2022 மார்ச்சில், எட்டு ஆர்க்டிக் நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் மன்றத்தின் மற்ற ஏழு நாடுகள் ரஷ்யாவுடனான கூட்டுப்பணியை நிறுத்தின. ஆர்க்டிக் கடற்கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. அங்கிருந்து உறைநிலத் தரவு வராவிட்டால் மொத்த ஆர்க்டிக் சராசரியும் ஒரு பக்கம் சாயும். போர் எப்படி ஒரு வரைபடத்தின் வெற்றிடமாகிறது என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து கற்பிக்க

பனியே பார்க்காத மாணவர்களுக்கும் இதை நடத்தலாம். தொடுப்பும் உண்டு: பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய இண்டார்க் என்ற மிதவைத்தொடர் 2014 ஜூலையில் ஸ்வால்பார்டின் கோங்ஸ்ஃபியோர்டில் (ஃபியோர்டு என்பது மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் ஒடுங்கிய கடல்), சுமார் 190 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் இறக்கப்பட்டது, நீரின் வெப்பமும் உப்பும் ஓட்டமும் அளக்க. அதே ஃபியோர்டின் கரையில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் உள்ளே புகத் தொடங்கிய 2006-க்குப் பின், மேற்குக் கரை ஃபியோர்டுகளில் கடற்பனி உறைவது குறைந்திருக்கிறது.

ஒன்றரை மணி நேர வகுப்புகள் மூன்று போதும். முதல் வகுப்பில் நார்வே வானிலைத் துறையின் செக்லிமா தளத்திலிருந்து ஸ்வால்பார்ட் விமான நிலையத்தின் (நிலைய எண் 99840) 2015 டிசம்பர் 10 முதல் 20 வரையான மணிநேரத் தரவை ஆசிரியர் இறக்கி, ஊரின் பெயரும் ஆண்டும் நீக்கிக் கொடுக்க, மாணவர்கள் 90 முதல் 150 பாகைத் திசையில் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் வீசிய மணிநேரங்களை எண்ண வேண்டும். பிறகு ஒவ்வொரு மணியின் வேகத்தையும் மும்மடியாக்கிக் கூட்டினால் பனி சேர்ந்ததற்கான ஒரு தோராய அளவீடு கிடைக்கும்; கடலோரக் காற்று மலைமேல் வீசியதைக் காட்டாது என்பதால் அது தோராயம் மட்டுமே. நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தின் டோப்போஸ்வால்பார்ட் வரைபடத்தை இடப்பெயர்களை மறைத்துக் கொடுத்து, உயரக்கோடுகளை எண்ணிச் சரிவின் பாகையைக் கணக்கிடலாம்.

இரண்டாவது வகுப்பு முடிவெடுப்பு. முன்னறிவிப்பாளர், ஊர்மன்ற அவசரகால அலுவலர், ஆளுநர், குழந்தையோடு வாழும் குடியிருப்பாளர் என்று நான்கு பாத்திரங்கள். தரவை மூன்று தவணையில் கொடுங்கள்: முந்தைய நாள் பிற்பகல் 2 மணி, இரவு 10 மணி, காலை 6 மணி. ஒவ்வொரு தவணையிலும் காலி செய்வதா இல்லையா என்று முடிவெடுத்து, மூன்று வாக்கியத்தில் காரணம் எழுத வேண்டும். ஊரின் பெயரையும் ஆண்டையும் நீக்கிவிடுங்கள். தெரிந்துவிட்டால் எல்லோரும் "காலி செய்" என்றே எழுதுவார்கள், பாடம் வீணாகும். இன்னொரு புயலின் தரவையும் அதே வடிவில் கலக்க வேண்டும், எதுவும் சரியாத புயல் ஒன்றை. இரண்டிலும் காலி செய்யச் சொன்ன குழுவிடம், பனிக்காற்றில் நள்ளிரவில் முதியவர்களையும் குழந்தைகளையும் வெளியே நடத்துவதன் ஆபத்தைக் கேளுங்கள். வீணான வெளியேற்றம் அடுத்த முறை மக்கள் கதவைத் திறக்கும் வேகத்தைக் குறைக்கும் என்பதையும்.

மூன்றாவது வகுப்பில்தான் நடந்தது எது என்று சொல்ல வேண்டும். இறந்தவர்களின் பெயரும் படமும் வேண்டாம். லாங்யியர்பியன் சிறிய ஊர். அந்தக் குடும்பங்களை அறிந்தவர்கள் இணையத்தில் எந்த வகுப்புப் பதிவையும் பார்க்கக்கூடும்.

மதிப்பிடும்போது முடிவு சரியா தவறா என்று பார்க்க வேண்டாம். காலி செய்யாதே என்று சொன்ன குழு, தன் கணக்கின் எந்த உள்ளீடு பிசகினால் தன் முடிவு மாறும் என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண். காலி செய் என்று சொன்ன குழு, எந்த வீடுகளை, எந்த வழியாக, எத்தனை மணிக்குள், எந்த அளவீடு வந்ததும் திரும்ப அனுப்புவது என்று எழுதாவிட்டால் பாதி மதிப்பெண்தான். திரும்ப அனுப்பும் அளவுகோலை எழுத மறப்பதுதான் எல்லாக் குழுக்களிலும் தவறாமல் வரும் குறை. வெளியேற்றத் திட்டத்தின் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டத்தை வரைந்து கொடுத்துவிட்டால், காலியாக விட்ட குழு எது என்று உடனே தெரிந்துவிடும்.